இலை மண்ணுக்கு, மிலாறு அடுப்புக்கு

2022 ஜனவரியில் இலங்கை அரசு ஒரு சீன நிறுவனத்துக்கு 67 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்தது. 'ஹிப்போ ஸ்பிரிட்' என்ற கப்பலில் அனுப்பப்பட்ட சேதனப் பசளைக்கான பணம் அது. பசளை நாட்டுக்குள் இறங்கவேயில்லை. மாதிரியில் பயிருக்குத் தீங்கான பக்டீரியா இருப்பதாகச் சொல்லி அதிகாரிகள் மறுத்துவிட, கப்பல் கடலிலேயே சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. ஒப்பந்தச் சிக்கலைத் தீர்க்கக் காசு மட்டும் போய்ச் சேர்ந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்திய நாடு, சேதனப் பசளையையும் கப்பலில்தான் தேடியது.

கொட்டகலையில் வளர்ந்த எவருக்கும் இது சிரிப்பையும் எரிச்சலையும் ஒன்றாகத் தரும். டிரேட்டன், ஸ்டோனிகிளிப் மலைகளில் தொடங்கி பத்தனை வரை எந்தப் பக்கம் திரும்பினாலும், ஏதோ ஒரு மலையில் ஏதோ ஒரு பருவத்தில் பச்சையாக வெட்டி விழுந்து கிடக்கிறது. தேயிலைக் கவ்வாத்து ஒன்று. நிழல் மரங்களின் கிளை வெட்டு இன்னொன்று. மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று வெட்டி றோட்டோரம் போட்ட டர்பன்டைன், சைப்ரஸ் கிளைகள் வேறு. இதில் கொஞ்சம் மக்கும், கொஞ்சம் அடுப்புக்குப் போகும், கொஞ்சம் கானை அடைக்கும், மீதி ஜனவரி, பெப்ரவரி வெயிலில் எரிக்கப்படும். எது எங்கே போகவேண்டும் என்பதற்கு விஞ்ஞானம் தெளிவான விடை வைத்திருக்கிறது. அந்த விடையில் பாதியை, கவ்வாத்தில் விழும் குச்சிகளை மிலாறுக் கட்டாகத் தூக்கும் பெண்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

முதலில் அளவைப் பார்ப்போம். 4 அடிக்கு 2 அடி இடைவெளியில் நட்ட தேயிலை மலையில் ஹெக்டேயருக்குச் சுமார் 13,000 செடிகள் நிற்கும். மலைநாட்டில் நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை கவ்வாத்து. அன்றைக்கு ஒரு செடியிலிருந்து ஒரேயொரு கிலோ பச்சைக் கழிவு விழுகிறது என்று குறைத்து வைத்தாலும், ஹெக்டேயருக்கு 13 தொன். இவ்வளவும் யாரும் தூக்கிக்கொண்டு வராமல், லொறி இல்லாமல், அந்தச் செடியின் காலடியிலேயே வந்து விழுகிற பசளை மூலப்பொருள்.

கவ்வாத்து என்பது செடிக்குச் செய்கிற பெரிய சத்திரசிகிச்சை. இலை முழுவதையும் எடுத்துவிட்டால் செடிக்கு உணவு தயாரிக்க வழியில்லை. வேரில் சேமித்த மாப்பொருளை எடுத்துத்தான் புதுத் துளிர் விடவேண்டும். அதனால் வெட்டுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கொழுந்து பறிப்பதை நிறுத்தி மலையை ஓய்வுக்கு விடுவார்கள். வேரை வெட்டி அயடீன் கரைசலைத் தடவிப் பார்க்கிற சோதனையும் உண்டு. கருநீலமாக மாறினால் மாப்பொருள் இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் பொறுக்கவேண்டும். பலவீனமான செடியை அந்த நிலையில் வெட்டினால் பட்டுப்போகும். ஒன்றிரண்டு கிளைகளை மட்டும் விட்டு மற்றதை வெட்டுகிற முறையும் இந்த ஆபத்தைக் குறைக்கத்தான்.

வெட்டி முடிந்த செடி வெறும் எலும்புக்கூடாக நிற்கும். இவ்வளவு நாள் இலைக்குள் மறைந்திருந்த பட்டையில் வெயில் நேரே விழுந்தால் வெடிப்பு விழும், அதன் வழியே பங்கசு நுழையும். ஆகவே வெட்டிய கொப்புகளில் ஒரு பங்கைச் செடியின் தலைமேலேயே பரப்பிவைப்பது நல்ல தோட்டங்களின் வழக்கம். கழிவின் முதல் வேலை இதுதான்: தன்னைப் பெற்ற செடிக்குக் குடை. இரண்டாவது வேலை தரையில். ஐந்து ஆண்டுகளாகத் தேயிலைப் பந்தல் மூடியிருந்த நிலம் ஒரே நாளில் வெளிக்கிறது. மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது ஒவ்வொரு துளியும் மண்ணை அடித்துத் தெறிக்கவைக்கும். தெறித்த மண் கானுக்குள் இறங்கும், கானிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து கொத்மலை ஓயாவுக்கு. தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவோற் மேல் கொத்மலை மின்திட்டத்தின் அணை அந்த ஓயாவில்தான் நிற்கிறது. தரையில் பரவிய இலையும் சிறு கொப்பும் துளியின் வேகத்தை உடைத்துவிடுகின்றன. மண்ணில் பட்டுத் தெறிக்கவேண்டிய நீர், இலையில் பட்டு மெல்ல இறங்குகிறது. விஞ்ஞானிகள் மூடுபடை என்று சொல்வது இதைத்தான்.

மூன்றாவது வேலை ஊட்டம். இங்கேதான் கொஞ்சம் கணக்குப் பார்க்கவேண்டும், ஏனென்றால் 2021இல் நாடு சறுக்கி விழுந்த இடம் இதுதான்.

ஆயிரம் கிலோ தேயிலைத்தூள் தோட்டத்தை விட்டு வெளியே போகும்போது, ஏறக்குறைய 40 கிலோ நைதரசனும் கூடவே போகிறது. ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 1,500 கிலோ தூள் தருகிற மலையென்றால் 60 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். வீணாவதைக் கணக்கில் எடுக்காவிட்டால் 130 கிலோ போதும், இரண்டரை மூட்டை. அதே 60 கிலோவை ஒன்றரை சதவீதம் நைதரசன் கொண்ட நல்ல கூட்டெருவால் கொடுக்கப் போனால் உலர்நிலையில் 4 தொன் வேண்டும். பாதி ஈரமாக இருக்கிற கூட்டெரு என்றால் 8 தொன். அதுவும் முதல் ஆண்டிலேயே முழுவதும் செடிக்குக் கிடைக்காது. நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத்தான் விடுவிக்கும். இப்போது அந்த 8 தொன்னைச் சரிவில், முதுகில், மூட்டை மூட்டையாக ஏற்றுவதை யோசித்துப் பாருங்கள். கொழும்பில் தீர்மானம் எடுத்தவர்களுக்கு இந்த முதுகு தெரிந்திருக்காது. தடை நவம்பரில் விலக்கப்பட்டாலும் அடி விழுந்துவிட்டது: 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது.

இதைச் சொல்வது சேதனப் பசளையைக் குறைசொல்ல அல்ல. வெளியிலிருந்து கூட்டெருவைத் தூக்கிவருவது எவ்வளவு கடினமோ, மலையிலேயே விழுந்த இலையைத் தூக்கிப்போவது அவ்வளவு முட்டாள்தனம் என்று சொல்லத்தான். பச்சை இலையில் நைதரசனும் பொட்டாசியமும் அடர்த்தியாக இருக்கின்றன. தடித்த தண்டில் இருப்பது பெரும்பாலும் காபன். கழிவு என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் இலையும் தண்டும் மண்ணுக்கு இரண்டு வேறு பொருட்கள்.

காரணம் நுண்ணுயிரின் உடம்பில் இருக்கிறது. ஒரு பக்டீரியா தன் உடலைக் கட்ட, ஏறக்குறைய எட்டுப் பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் தேவைப்படும். மூச்சுவிடுவதில் செலவாகும் காபனையும் சேர்த்தால், உணவில் 25 அல்லது 30க்கு ஒன்று என்ற விகிதம் அதற்குப் பொருத்தமானது. இளம் இலை அந்த விகிதத்துக்குக் கிட்ட அல்லது கீழே இருக்கிறது. தின்று மிஞ்சிய நைதரசன் மண்ணுக்குக் கிடைக்கும். மரத்தூளில் விகிதம் பல நூறுக்கு ஒன்று. அதை மண்ணுக்குள் கலந்துவிட்டால் நுண்ணுயிர்கள் குறைகிற நைதரசனை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்கிற செடி மஞ்சளாகும். சில காலம் கழித்து அந்த நுண்ணுயிர்கள் செத்து அழிந்தபின் அந்த நைதரசன் திரும்ப வரும் என்பது உண்மைதான், ஆனால் புதுத் துளிர் விடும் செடிக்கு அதற்குள் நேரம் கடந்துவிடும். முள்ளு குத்தி மண்ணைக் கிளறும்போது பச்சைக் கொப்புகளைத் தடிதடியாகக் குழிக்குள் புதைப்பதை நான் ஆதரிக்காததற்கு இதுவே காரணம். மேலே பரப்பினால் பிரச்சினை இல்லை. மண்ணைத் தொடுகிற மெல்லிய படையில் மட்டுமே அந்த இழுபறி நடக்கும்.

தேயிலை இலைக்குச் சில தனிக் குணங்களும் உண்டு. பல்பீனோல்கள் நிறைய. தேநீருக்குத் துவர்ப்பைக் கொடுக்கிற அதே பொருட்கள் புரதத்தைப் பிணைத்து, மக்குதலைக் கொஞ்சம் தாமதப்படுத்துகின்றன. இன்னொன்று அலுமினியம். அமில மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் சேர்த்துவைக்கிற அபூர்வமான செடி தேயிலை. கிழட்டு இலையின் உலர் எடையில் ஒரு சதவீதத்தைத் தாண்டியும் அது இருக்கக்கூடும். தேயிலைக்கு அதனால் கேடில்லை. கரட்டும் கோவாவும் அப்படியல்ல, அமில மண்ணில் கரைந்த அலுமினியம் அவற்றின் வேருக்கு நஞ்சு. ஆக தேயிலைக் கவ்வாத்து இலை தேயிலைக்கே போகட்டும். லயத்துக்குப் பின்னாலிருக்கும் மரக்கறிப் பாத்திக்கு அதை நான் போடமாட்டேன்.

தேயிலையும் மக்குதலும் பற்றிய வேடிக்கையான ஒரு செய்தி. உலகம் முழுக்க மண் எவ்வளவு வேகமாகக் கழிவைச் செரிக்கிறது என்று ஒப்பிட விஞ்ஞானிகளுக்கு ஒரே மாதிரியான, மலிவான, எங்கும் கிடைக்கிற பொருள் ஒன்று தேவைப்பட்டது. கடையில் விற்கும் தேயிலைப் பைகளைப் பிடித்தார்கள். 2013இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் முன்வைத்த 'தேயிலைப்பைச் சுட்டி' முறையில், லிப்டன் பச்சைத் தேயிலைப் பை ஒன்றும் தென்னாபிரிக்காவின் ரூய்பொஸ் என்ற புதர்ச்செடியின் பை ஒன்றும் 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைக்கப்படும். ஏறக்குறைய 90 நாள் கழித்துத் தோண்டியெடுத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்பார்கள். பச்சைத் தேயிலை சீக்கிரம் கரையும். மரத்தன்மை கூடிய ரூய்பொஸ் நின்று பிடிக்கும். இரண்டின் எடையிழப்பையும் வைத்து அந்த மண்ணின் செரிமான வேகத்தைக் கணிக்கலாம். பாடசாலைப் பிள்ளைகளும் செய்யக்கூடிய சோதனை இது. பல நாடுகளில் செய்கிறார்கள். 1890இல் ஹப்புத்தளைப் பக்கம் தம்பதென்னை முதலான தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் பெயர், மண் விஞ்ஞானத்தில் இப்படி ஒரு வழியாக நுழைந்திருக்கிறது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படிக்கிற ஆசிரிய மாணவர்கள் இதை ஏன் நம்முடைய மலைகளில் செய்து பார்க்கக்கூடாது?

செய்து பார்த்தால் ஒன்று தெரியவரும்: கொட்டகலையின் குளிர். கடல் மட்டத்துக்கு 1,200 மீற்றருக்கு மேலே இருக்கும் இந்த ஊர் கொழும்பைவிட ஏழெட்டுப் பாகை குளிரானது. பத்துப் பாகை ஏறினால் மக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவான விதி. கீழ்நாட்டில் மூன்று மாதத்தில் தயாராகிற கூட்டெரு இங்கே கூடுதல் காலம் கேட்கும். கையேட்டில் எழுதியிருக்கும் நாட்கணக்கை நம்பிக் குவியலைக் கலைத்துவிட்டு, "சரிவரவில்லை" என்று சொல்பவர்கள் பாதிப்பேர் இந்தக் குளிரை மறந்தவர்கள். மீதிப்பேர் மழையை மறந்தவர்கள். குவியலில் ஈரம் 50, 60 சதவீதம் இருக்கவேண்டும். அதற்கு மேலே போனால் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிற்கும், ஒட்சிசன் இல்லாத இடத்தில் வேறு வகை பக்டீரியா தலையெடுக்கும், நாற்றமும் மெதேனும் கிளம்பும். தென்மேற்குப் பருவமழையில் திறந்துகிடக்கும் குவியல் எருவாகாது, சேறாகத்தான் ஆகும். ஒரு பழைய தகரமோ பொலித்தீன் விரிப்போ மேலே வேண்டும். ஒரு மீற்றர் உயரம், ஒரு மீற்றர் அகலத்துக்குக் குறைந்த குவியல் தன் சூட்டைத் தக்கவைக்க முடியாமல் ஆறிவிடும். சரியான குவியலோ உள்ளே 55 பாகை செல்சியசைத் தாண்டும். கையை விட்டுப் பார்த்தால் வைத்திருக்க முடியாது. களை விதைகளும் பெரும்பாலான நோய்க்கிருமிகளும் அந்தச் சூட்டில் மடியும்.

எதைக் குவிப்பது? இங்கேதான் நிழல் மரங்கள் வருகின்றன. மலைகளில் உயர்ந்து நிற்கிற சவுக்கு மரத்தின், சிங்களத்தில் சபுக்கு என்கிறார்களே அதன், இலை தோல்போலத் தடித்தது, மக்கத் தாமதிக்கும். முள்முருக்கின் இலை நைதரசன் நிறைந்தது. சில வாரத்தில் காணாமல் போய்விடும். ஒன்றை மட்டும் குவித்தால் வருடக்கணக்காகக் கிடக்கும், மற்றதை மட்டும் குவித்தால் அழுகி நாறும். இரண்டையும் அடுக்கடுக்காகப் போட்டு, நடுவே மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றினால் விகிதம் தானாகவே சரியாகிவிடும். முள்முருக்கு கிடைக்காவிட்டால் றோட்டோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற காட்டுச் சூரியகாந்தியை வெட்டிப் போடலாம். அதன் இலையின் உலர் எடையில் நைதரசன் மூன்றரை சதவீதம் அளவில், பொட்டாசியம் நான்கு சதவீதம் அளவில் உண்டு என்று கென்யாவில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. களை என்று நாம் ஒதுக்கிய செடி, அங்கே ஏழை விவசாயியின் பசளை.

நிழல் மரக் கிளைகளை மழைக்கு முன்னால் வெட்டுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்குள் நுழைந்தது. ஈரமும் நிழலும் அந்தப் பங்கசுக்குச் சொர்க்கம். மழைக்காலத்தில் இலை சீக்கிரம் காயவேண்டுமென்றால் மேலே வெளிச்சம் திறந்திருக்கவேண்டும். அதனால் ஒவ்வொரு ஆண்டும் கிளைகள் இறங்குகின்றன, கழிவும் குவிகிறது.

முழு மரத்தையே அகற்றுவது வேறு விடயம். அங்கே அவசரப்பட்டால் நட்டம் தேயிலைக்கு. மரத்தை வெட்டிவிட்டுக் கட்டையை நிலத்தில் விட்டால், பச்சை வெட்டுமுகத்தில் பங்கசு வித்துகள் வந்து இறங்கும். சவுக்குக் கட்டையில் தொற்றிக்கொள்ளும் உஸ்ரியூலினா என்ற பங்கசு, வேரிலுள்ள மாப்பொருளைத் தின்றபடி கீழே இறங்கி, பக்கத்துத் தேயிலை வேரைத் தொட்டு, வட்டம் வட்டமாகச் செடிகளைச் சாகடிக்கும். இலங்கைத் தேயிலை நோய்களைப் பற்றி 1923இல் நூலெழுதிய தோமஸ் பெட்ச், 1925இல் உருவான தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் முதல் பணிப்பாளர். இத்தகைய வேர்நோய்களை ஆராய்ந்த பங்கசு நிபுணர் அவர். அந்த நிறுவகம் இன்று கொட்டகலைக்கு அடுத்த தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகிறது.

கட்டையிலிருந்து பரவும் இந்த நோய்க்கு ஒரு புத்திசாலித்தனமான மருந்து 1930களில் ஆபிரிக்காவின் நியாசலாந்தில், இன்றைய மலாவியில், லீச் என்ற ஆய்வாளர் தேயிலை நிலத்து வேர்நோய்களுக்கு எதிராகக் காட்டியது. மரத்தை வெட்டுவதற்கு நீண்ட காலம் முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை ஒரு வளையமாக உரித்துவிடுவது. பட்டைக்குள் இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரை இறங்கும் குழாய்கள் இருக்கின்றன, அவை அறுந்துபோகும். தண்ணீர் மேலே ஏறும் குழாய்கள் கட்டைக்குள் இருப்பதால் அவை தப்பும். மரம் உயிரோடு நிற்கும், வேரோ பட்டினி கிடந்து தன் மாப்பொருளைத் தானே தின்று தீர்க்கும். அதன்பின் வெட்டினால் பங்கசுக்கு விருந்து இல்லை. கவ்வாத்துக்கு முன் தேயிலை வேரில் மாப்பொருள் நிறைந்திருக்கவேண்டும், வெட்டுக்கு முன் மர வேரில் அது தீர்ந்திருக்கவேண்டும். அயடீன் சோதனை இரண்டுக்கும் பொருந்தும், நாம் எதிர்பார்க்கும் விடைதான் நேர்மாறு. நோய் பிடித்த வேரும் கட்டையும் மட்டும் கூட்டெருக் குவியலுக்கு வரக்கூடாது. குவியலின் ஓரங்கள் போதிய சூடு ஏறாதவை, தடித்த மரத்துண்டின் உள்ளே பங்கசு பத்திரமாக இருக்கும். தோண்டியெடுத்து அதே இடத்தில் எரிப்பதே சரி.

மேலை நாடுகளில் மரம் வெட்டுவோர் கிளையைத் தின்று சீவலாகத் துப்பும் இயந்திரத்தை வாகனத்தின் பின்னால் இழுத்துவருவார்கள். ஐந்து லொறிக் கிளை ஒரு லொறிச் சீவலாகும். கொட்டகலை நகரத்துக்கும் அட்டன் றோட்டுக்கும் அப்படியொன்று பிரதேச சபையின் கையில் இருந்தால் மிக நல்லது. றோட்டோரக் கிளைகளுக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை. டர்பன்டைன் சீவலை மட்டும் ஆறப்போடவேண்டும், அதன் எண்ணெய் விதைகளின் முளைப்பைக் கெடுக்கும். தேயிலை மலைக்கு அந்த இயந்திரம் ஏறாது. அங்கே கவ்வாத்துக் கத்திதான்.

கடைசியாக அடுப்பு. மிலாறு பொறுக்குவதைத் திருட்டுப்போலப் பார்க்கிற பார்வை இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் கொழுந்து வேண்டும். அதன் ஈரத்தைப் போக்கத் தொழிற்சாலையே கிலோவுக்கு ஒரு கிலோவுக்கும் மேலான விறகை எரிக்கிறது, கீழ்நாட்டிலிருந்து றப்பர் மரம் லொறியில் வருகிறது. தொழிற்சாலைக்கு விறகு தேவையென்றால் லயத்துக்குத் தேவையில்லையா? 2022இல் எரிவாயு கிடைக்காமல் நகரத்தவர் வரிசையில் நின்றபோது, தோட்டத்து அடுப்புகள் அணையாமல் எரிந்ததற்கு மிலாறும் ஒரு காரணம். தண்டு எரிவதால் மண் பெரிதாக இழப்பதில்லை. அதில் நைதரசன் குறைவு. எரிந்து மிஞ்சும் சாம்பலில் பொட்டாசியமும் கல்சியமும் தங்குகின்றன. சாம்பல் காரமானது, தேயிலையோ அமில மண்ணை விரும்புவது; அதனால் சாம்பலைத் தேயிலைக்குக் கொட்டாமல் மரக்கறிப் பாத்திக்கு மெல்லியதாகத் தூவுவது நல்லது. பெண்களின் கண்ணும் நெஞ்சும் புகையில் வேகாமலிருக்க மிலாறு நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். 1980களிலிருந்து நாட்டில் பரவிய இரட்டைப்பானை 'அனகி' மண் அடுப்பு விறகையும் மிச்சப்படுத்தும்.

இழப்பு நடப்பது இலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போகும்போது. பச்சையாகக் கட்டிய கட்டில் இலை லய வாசலில் காய்ந்து உதிர்கிறது, கூட்டித் தள்ளப்படுகிறது, கானில் போகிறது அல்லது எரிகிறது. அதிலிருந்த நைதரசன் காற்றோடு போயிற்று. ஆகவே தோட்ட நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: கவ்வாத்து மலையில் மிலாறு பொறுக்குவதைத் தடுக்காதீர்கள், இலை உதிரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள், உதிர்ந்தபின் எடுப்பதற்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுங்கள். அக்கா தங்கைகளுக்கும் ஒன்று: கட்டுவதற்கு முன் கொப்பைச் செடியின் தூரிலேயே இரண்டு தட்டுத் தட்டி உதறிவிட்டுக் கட்டுங்கள். சுமையும் குறையும், அடுத்த கொழுந்தும் நன்றாக வரும்.